கன்னையா நனைத்த துணி

1

இந்தக் கதை எனக்கு பிரிக்ஃபீல்ட்ஸில், ஓர் ஆயுர்வேத வைத்தியசாலையின் பெஞ்சில் கிடைத்தது. முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் சுவரைப் பார்த்தபடி முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தார். பக்கத்தில் கண் சிவந்த ஒரு பெண். நான் பார்த்தது அவ்வளவுதான். அவளுக்கு வீரம்மா என்றும், அவள் தம்பியாக நான் எடுத்துக்கொண்ட அவருக்குக் கன்னையா என்றும் நானே பேர் வைத்தேன். வருஷம் 1988.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'மேரு நகரத்துத் தொழிற்சாலைக் கூரைகளுக்கு மேல் சூரியன்...'

வேண்டாம். வீரம்மாவுக்கு ஏது சூரியனைப் பார்க்க நேரம்? நாள் முழுக்க தொழிற்சாலையில் நாற்காலிக் கால்களுக்கு உப்புத்தாள் தேய்க்கிறாள். கன்னையா பேச மாட்டான். தொட்டால் கத்துவான். ஈரம் பட்டால் சட்டையைக் கழற்றி எறிவான். பெரியாஸ்பத்திரியில் ஆட்டிசம் என்றார்கள். அம்மா போனபிறகு அவனுக்கு அக்காதான் எல்லாம்.

3

"பேச வைக்க மருந்து இருக்குங்களா ஐயா?"

வைத்தியர் சபாபதி (முதல் பிரதியில் இவரை ஏமாற்றுக்காரராக எழுதி, அடித்துவிட்டேன்) மழுப்பவில்லை.

"அதுக்கு எங்கிட்ட மருந்து இல்லம்மா. தலைக்கு பிராமி எண்ணெய் வெச்சா கொஞ்சம் அமைதியா தூங்கலாம். அதுவும் அவருக்குப் பிடிச்சாத்தான். ஆமா, உங்க கண்ணு ஏன் இப்படி இருக்கு?"

"மரத்தூசு அலர்ஜி லா. என்னைய விடுங்க. எனக்கப்புறம் இவன யாரு பாத்துக்குவா?"

வைத்தியர் அலமாரிப் பக்கம் திரும்பினார். அவள் கண்ணுக்குத் திரிபலா பொடியைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார்.

"கொதிக்க வெச்சு, ஆறுனதும் நல்லா வடிகட்டுங்க. துணிய நனைச்சு, மூடுன கண்ணு மேல போட்டுக்கங்க."

4

எண்ணெய்க் கையைக் கண்டதும் கன்னையா அலறினான். கிண்ணம் கவிழ்ந்தது. மறுநாளும் அதே கதை. அதற்கடுத்த சாயங்காலம் வீரம்மா எண்ணெயை மூடி வைத்துவிட்டு, தரையில் படுத்து, தன் கண்ணில் ஈரத்துணியைப் போட்டுக்கொண்டு அழுதாள். (அழுதாள் என்பதை எடுத்துவிடலாமா என்று பார்த்தேன். இருக்கட்டும்.)

துணி காய்ந்தது. யாரோ அதை எடுப்பது தெரிந்தது. கிண்ணத்தில் தண்ணீர் அலம்பும் சத்தம். கன்னையா துணியை நனைத்து, பிழிந்து, ஓரங்களை நேராக இழுத்து அவள் கண்மேல் வைத்தான். அவள் மூச்சைக்கூடப் பலமாக விடவில்லை.

அவன் மெல்ல வாய் திறந்து, "அக்...

இல்லை. அவன் பேசவில்லை. எனக்குத்தான் ஆசை.

5

மறுநாள் அவளுக்குக் கண் எரியவில்லை. இருந்தாலும் துணியைப் போட்டுக்கொண்டு படுத்தாள்.

கன்னையா எழுந்து வந்தானா? வந்தான் என்று எழுதினால் அவளைச் சமாதானப்படுத்த நான் பொய் சொல்வதுபோல் இருக்கிறது. வரவில்லை என்று எழுதக் கை வரவில்லை. அவள் கண்ணை மூடியபடியே கிடக்கிறாள். துணி காய்ந்துகொண்டிருக்கிறது.

நீங்கள்தான் சொல்ல வேண்டும். கொஞ்சம் சீக்கிரம்.