மனுவேலின் தாய்

தவக்காலம் தொடங்கினால் பாலையூற்றில் எமிலியானாவுக்குத் தனி மவுசு வந்துவிடும். வெள்ளிக்கிழமைச் சிலுவைப்பாதையில் ஒவ்வொரு ஸ்தலத்தையும் ஒவ்வொரு பெண் வாசிப்பது அந்தக் கோயில் வழக்கம். நான்காம் ஸ்தலம், இயேசு தம் தாயைச் சந்திக்கிற இடம், எமிலியானாவுக்கென்றே எழுதி வைத்தது. அவள் வாசித்தால் மெழுகுதிரி பிடித்து நிற்கும் ஆண்களும் மூக்கை உறிஞ்சுவார்கள். அதோடு விடுவாளா? ஓடிப்போன சீடர்களை ஒரு பிடி பிடிப்பாள். "கூடவே திரிஞ்சு சாப்பிட்டுப்போட்டு, ஆளைத் தெரியாது எண்டானே பேதுரு, அவனும் ஒரு ஆம்பிளையோ?" என்பாள்.

மற்றப்படி அவள் பயந்தாங்கொள்ளி. கதவு அடித்தாலே நெஞ்சைப் பிடிப்பாள். புருஷனைக் கடல் கொண்டுபோன பிறகு அவளுக்கு மிஞ்சியது மகன் மனுவேல் ஒருவன்தான். துறைமுகப் பக்கம் படகு எஞ்சின் திருத்துகிற வேலை அவனுக்கு.

எண்பத்தாறாம் ஆண்டு. தை மாதம் ராணுவம் ஊரைச் சுற்றிவளைத்தபோது ஒரு தகப்பன், "இது என்ர பிள்ளை" என்று முன்னுக்குப் போக, அவரையும் சேர்த்து லொறியில் ஏற்றிப் போனார்கள். அன்றைக்குத் தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் கூடி ஒரு முடிவெடுத்தார்கள். இனி ஆரைக் காட்டிக் கேட்டாலும் தெரியாது என்று சொல்வது. உறவு சொன்னால் உறவும் போகும், பிள்ளைக்கும் அடி கூடும். இதை எல்லோரையும்விடச் சத்தமாகச் சொன்னவள் எமிலியானாதான். இப்படி ஒரு பேச்சு நடந்ததைப் பிள்ளைகளிடம் சொல்ல ஒருத்திக்கும் தோன்றவில்லை.

தவக்காலத்தில் மறுபடி சுற்றிவளைத்தார்கள். அது ஒரு வெள்ளிக்கிழமை காலை. பெண்களைச் சந்திக்குக் கூப்பிட்டு, பிடித்த பொடியன்களை லொறியிலிருந்து ஒவ்வொருவராக இறக்கிக் காட்டினார்கள்.

மனுவேலை இறக்கினார்கள். சட்டையெல்லாம் எஞ்சின் எண்ணெய். தமிழ் தெரிந்த சிப்பாய் ஒருவன் அவன் தாடையைப் பிடித்து நிமிர்த்தி, "இது யாரோட ஆள்?" என்றான். மனுவேலின் கண் கூட்டத்தில் தாயைக் கண்டுபிடித்தது. அவன் வாயைத் திறந்தான். எமிலியானா முந்திக்கொண்டாள்.

"தெரியாது."

கோயிலில் வாசித்துப் பழகிய குரல், சந்தி முழுக்கக் கேட்டது. மனுவேல் திறந்த வாயை மூடிக்கொண்டான். அவன் முகத்தை அவள் சாகும்வரை மறக்கப்போவதில்லை.

அடுத்தவன் மதலேனாளின் புருஷனுடைய தம்பி. மதலேனாளின் புருஷனைப் போன வருடமே பிடித்துப் போயிருந்தார்கள். நாள்தோறும் முகாம் வாசலில் போய் நிற்கிற அவளுக்கு மூளை பிசகிவிட்டது என்று ஊர் பேசியது. குழாயடி முடிவெல்லாம் அவள் காதில் ஏறியிருக்கவில்லை. "இவன் என்ர மனிசன்ர தம்பி. நான்தான் சோறு போடுறன். விடுங்கோ" என்று போய் அவன் கையைப் பிடித்தாள். சிப்பாய் அதிகாரியைப் பார்த்தான். அதிகாரி கையை அசைத்தான். முதுகில் ஒரு உதை விழுந்தது, ஆளை விட்டுவிட்டார்கள்.

"அது என்ர மகன்! மனுவேல் என்ர மகன்!" என்று எமிலியானா கத்திக்கொண்டு ஓடியபோது லொறி புறப்பட்டிருந்தது.

அன்று பின்னேரம், தெருவுக்குப் பயந்து, சிலுவைப்பாதையைக் கோயிலுக்குள்ளேயே நடத்தினார்கள். நான்காம் ஸ்தலம் வந்தது. எமிலியானா எழுந்து நின்றாள், குரல் வரவில்லை. மதலேனாள் புத்தகத்தை வாங்கித் தட்டித்தடுமாறி வாசித்து முடித்தாள். வெளியே வந்ததும், "நாளைக்கு என்னோட முகாம் வாசலுக்கு வாங்கோ அக்கா" என்றாள்.

"எந்த முகத்தோட வாறது? பேதுருவைத் திட்டின வாயால நானே சொல்லிப்போட்டனே."

"பேதுருவை விடுங்கோ. சிலுவையடியில பொம்பிளையள் என்ன செய்தவை? ஒண்டும் செய்ய ஏலேல்லை, நிண்டவை. நானும் அதைத்தான் செய்யிறன். உள்ளுக்க இருக்கிறவருக்கு ஒராள் இருக்கெண்டு அவங்களுக்குத் தெரிய வேணும்."

"உனக்குப் பயமில்லையோ?"

"பயமில்லாமலோ? வழி நெடுக வயித்தைக் கலக்கும். மாதாவுக்கும் கலக்கித்தான் இருக்கும். அதோடதான் போனவ."

இத்தனை வருடம் மாதாவின் கண்ணீரை வாசித்தவளுக்கு மாதாவின் வயிறு ஒரு நாளும் ஞாபகம் வந்ததில்லை. அதை நினைத்து அவள் வெட்கப்பட்டாள்.

துறைமுகத்தோரம் பழைய மீன் களஞ்சியம் ஒன்றுக்கு முள்கம்பி அடித்து முகாமாக்கியிருந்தார்கள். காலையில் வாசலில் நின்றவன் அதே சிப்பாய்தான். மனுவேல் வீட்டில் விட்டுப்போன அடையாள அட்டையை எமிலியானா நீட்டினாள்.

"நேத்து தெரியாது சொன்னீங்க."

"பயத்தில சொன்னனான். என்ர மகன் ஐயா."

"ஆள் இல்லாதவங்களை ராத்திரி அனுப்பியாச்சு."

"எங்க?"

அவன் கடலைப் பார்த்தான். மதலேனாளின் கை எமிலியானாவின் மணிக்கட்டை இறுக்கியது. அந்த ஊரில் 'அனுப்பியாச்சு' என்றால் ஆள் இனித் திரும்பாது என்பது தெரியாதவர் இல்லை. எமிலியானா அட்டையை நீட்டியபடியே நின்றாள்.

சிப்பாய்க்கு இரக்கமோ, என்னவோ. "அதில் ஒரு ஆள் மட்டும் மிச்சம். பாருங்க" என்று உள்ளே போய் ஒரு இளைஞனை இழுத்து வந்தான். கண் இரண்டும் வீங்கி மூடியிருந்தன, உதடு கிழிந்திருந்தது. மனுவேலைவிடக் கட்டையான ஆள். கழுத்தில் சைவக் கோயில் நூல். பெற்றவளுக்கு இரண்டாம் பார்வை தேவைப்படவில்லை, இது மனுவேல் இல்லை.

சிப்பாய் அட்டையிலிருந்த படத்தையும் அந்த முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். அப்படி அடித்த முகத்தை எந்தப் படத்தோடும் ஒப்பிட முடியாது. "இது மகனா? இல்லாட்டி இண்டைக்கு இவனும் போறான்."

இல்லை என்றால், நாளைக்கும் வந்து மனுவேலைக் கேட்கலாம். வேறு முகாமில் இருக்கிறானோ என்று விசாரிக்கலாம். ஓம் என்றால், அவர்கள் கணக்கில் மனுவேலை விட்டாயிற்று. இனி எந்த வாசலிலும் அவன் பெயரைச் சொல்ல முடியாது. சொன்னால் இந்தப் பிள்ளையைத் திரும்பப் பிடிப்பார்கள். எமிலியானாவுக்கு வயிற்றைக் கலக்கியது. கலங்கிய வயிற்றோடு முன்னுக்குப் போய் அந்தக் கையைப் பிடித்தாள்.

"ஓம். என்ர மகன். மனுவேல்."

கோயில் குரல் இல்லை, பக்கத்தில் நின்றவனுக்கே மட்டுமட்டாகத்தான் கேட்டிருக்கும்.

தெரு திரும்பியதும் அந்தப் பிள்ளை முனகினான். "அம்மா, நான் சிவகுருநாதன்... ஊர் கிளிவெட்டி. ட்ரக்டர் சாமான் வாங்க வந்தனான்..."

"கதையாத ராசா. ஊர் போய்ச் சேருமட்டும் நீ மனுவேல்."

மறுநாள் காலை மதலேனாள் வழக்கம்போல முகாமுக்குப் புறப்பட்டவள், வேலிப் படலையில் நின்று, "வாறியளோ அக்கா?" என்று கூப்பிட்டாள். எமிலியானா வாசல்வரை வந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

"நான் ஆரைக் கேட்டு வாறது மதலேன்? என்ர பிள்ளையைத்தான் விட்டிட்டாங்களே."

உள்ளே அந்தப் பிள்ளை தண்ணீர் கேட்டான். அவள் திரும்பிக் குசினிக்குள் போனாள்.