தொடக்க அளவு

1

இந்தக் கதை எனக்கு ஒரே ஒரு வாக்கியமாகக் கிடைத்தது. பசுமை வீடுகளைப் பற்றி ஒரு பத்திரிகைக்குக் கட்டுரை எழுதுவதற்காக ஓர் அளவையாளரோடு மூன்று நாள் வீடு வீடாகச் சுற்றினேன். தெருக்காரர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் மீட்டர் மேடம். வீட்டைப் புதுப்பிக்கிறவர்கள் வேலை தொடங்குமுன் ஓர் இலக்கு வைத்துக்கொள்ள வேண்டும். அவர் தன் மீட்டரைப் பொருத்தி எட்டு வாரம் மின்சாரத்தை அளப்பார். அது தொடக்க அளவு. வேலை முடிந்த பின் மறுபடி அளப்பார். தொடக்க அளவிலிருந்து நாற்பது சதவீதம் குறைந்திருந்தால் வாசலில் இலை பொறித்த பித்தளைத் தகடு.

மூன்றாம் நாள், கருவிகளைப் பைக்குள் அடுக்கிக்கொண்டே சொன்னார்: "இதை மட்டும் கட்டுரையில போட்டுடாதீங்க சார். சில வீட்டுல நாங்க மீட்டர் மாட்டின அப்புறம்தான் வீணடிக்கவே ஆரம்பிக்கிறாங்க."

கட்டுரையில் போடவில்லை. கதையைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

2

முதல் தொடக்கம்: பச்சை என்பது ஒரு நிறமல்ல, அது பூமித்தாயின் புன்ன

(விட்டுவிட்டேன்.)

இரண்டாம் தொடக்கம்: பொறாமை என்னும் தீ அவள் நெஞ்சில் கொழுந்துவிட்டு எரிந்தது. அதை அணைக்க

(தண்ணீரை மிச்சம் பிடிப்பவர்களின் கதையில் தீயை எதை ஊற்றி அணைப்பது? விட்டுவிட்டேன்.)

மூன்றாம் தொடக்கம்:

தங்கை வீட்டு வாசலில் தகடு மாட்டிய அன்று, ரசமட்டத்தைப் பிடித்துக்கொள்ளும் வேலை அக்காவுக்கு வந்தது.

அவர்கள் வீடுகள் அடுத்தடுத்து. ஒரே மனையை அப்பா நடுவில் சுவர் வைத்துப் பிரித்துக் கொடுத்தது. தங்கை வீட்டில் ஏழு மாதம் வேலை நடந்தது. ஜன்னல்களுக்கு இரட்டைக் கண்ணாடி, மொட்டைமாடிக்கு வெள்ளைப் பூச்சு, சுவருக்குள் வெப்பம் தடுக்கும் பலகை, இடித்த செங்கல் நடைபாதையாக மாறியது. இப்போது தங்கை நாற்காலி மேல் ஏறித் திருகாணியை முடுக்கிக்கொண்டிருந்தாள்.

"நேரா இருக்கான்னு பாருக்கா. உன் கண்ணு தராசு மாதிரி."

அக்கா மருந்துக்கடையில் மருந்தாளர். அரை மில்லி கூடினாலும் கண்டுபிடிக்கிற கண். தகட்டின் மேல் ரசமட்டத்தை வைத்தாள். அதன் கண்ணாடிக் குழாய்க்குள் குமிழி நடுக்கோட்டைத் தாண்டி, ஒரு மிளகளவு இடப்பக்கம் நின்றது.

"நேராத்தான் இருக்கு," என்றாள்.

3

அந்த மிளகளவு எனக்குப் பிடித்திருந்தது. இதோடு அவளைப் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். ஆனால் ஒரு கேள்வி உதைத்தது. உடன்பிறந்தவள் வாசலில் ஒரு தகடு இருந்தால் இவளுக்கு என்ன வந்தது?

பதில் எண்களில் இருந்தது. தங்கை வீட்டில் முன்பு ஒரு நாளைக்கு முப்பது யூனிட். இப்போது பதினேழு. நாற்பத்து மூன்று சதவீதம் குறைவு. தகடு.

அக்கா வீட்டில் இருபது வருடமாக ஒன்பது.

இன்னொரு முறை பாருங்கள். தகடு வாங்கிய வீடு பதினேழு எரிக்கிறது. தகடில்லாத வீடு ஒன்பது. அக்கா தகடு வாங்க வேண்டுமானால் ஐந்தரைக்கும் கீழே இறங்க வேண்டும். அதற்கு இருக்கிற ஒரே வழி குளிர்சாதனப் பெட்டியை விற்றுவிட்டுக் கணவரையும் வெளியே அனுப்புவது.

* சின்ன வயதில் தங்கை கணக்கில் இருபதிலிருந்து நாற்பத்தைந்துக்கு வந்தபோது அப்பா சைக்கிள் வாங்கிக் கொடுத்தார் என்றும், எப்போதும் தொண்ணூற்றைந்து வாங்கிய அக்காவுக்கு "நீ எப்பவும் வாங்குறதுதானேம்மா" என்ற வார்த்தை மட்டும் கிடைத்தது என்றும் ஒரு பத்தி எழுதியிருந்தேன். ரொம்பக் கச்சிதமாகப் பொருந்தியது. அதனால் சந்தேகம் வந்து வெட்டினேன். ஆனால் அந்தச் சைக்கிள் போக மாட்டேனென்கிறது. இங்கேயே, அடியில் நிற்கட்டும்.

4

அக்காவும் விண்ணப்பித்தாள். மீட்டர் மேடம் வந்து, மின்பலகைக்குப் பக்கத்தில் சோப்புப்பெட்டி அளவில் ஒரு கருவியைப் பொருத்தினார்.

"மேடம், ஒரு சந்தேகம். ஏற்கெனவே கம்மியா செலவு பண்றவங்களுக்கு ஏதாவது தனியா உண்டா?"

"படிவத்துல அதுக்குக் கட்டம் இல்லம்மா."

"கட்டம் இல்லையா?"

"குறைச்சதைத்தான் அளக்கிறோம். இருக்கிறதை அளக்கலை." அவருக்கே அது சரியாகப் படவில்லை போலும், குனிந்து திருகாணியைத் தேடினார்.

முதல் வாரம் கருவி காட்டியது: ஒன்பது. ஒன்பது. எட்டே முக்கால். ஒன்பது.

இரண்டாம் வாரத் திங்கட்கிழமை அக்கா வேலைக்குக் கிளம்பிச் செருப்பைப் போட்டாள், மறுபடி கழற்றினாள், உள்ளே போய்க் கூடத்து மின்விசிறியைச் சுழலவிட்டாள். தெருமுனைவரை நடந்தாள். திரும்பி வந்து அதை அணைத்தாள். மறுபடி போட்டாள். அன்று கடைக்கு இருபது நிமிடம் தாமதம். பதினெட்டு வருடத்தில் முதல்முறை.

புதன்கிழமை ஏசி. மகள் வாங்கிக்கொடுத்தது, அதற்கு உறை தைத்துப் போட்டிருந்தாள். உறையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, யாருமில்லாத அறையைப் பதினெட்டு டிகிரிக்குக் குளிரவிட்டாள். வெள்ளிக்கிழமை வெந்நீர்க் கருவி.

அவளுடைய கைதான் பெரிய தொல்லை. ஸ்விட்சைக் கடக்கும்போதெல்லாம் அது தானாக நீண்டு அணைத்துவிடும். அதனால் மருந்துச் சீட்டு ஒட்டும் வெள்ளை நாடாவை எடுத்து வந்து எல்லா ஸ்விட்சுகளின் மேலும் ஒட்டினாள். கடைப் பழக்கத்தில் ஒவ்வொன்றின் மேலும் எழுதினாள்: காலை 1, மதியம் 1, மாலை 1.

கணவர் தபால் பிரிக்கும் வேலை முடிந்து மதியம் இரண்டு மணிக்கு வந்தார். அக்காவும் சாப்பிட வந்திருந்தாள். வீடு கல்யாண வீடு போல் எரிந்துகொண்டிருந்தது.

"ஏம்மா, யாராவது வந்திருக்காங்களா?"

"இல்லைங்க. எதுலயும் கை வைக்காதீங்க."

"இருபது வருஷமா லைட்டை அணைக்கலைன்னு திட்டு வாங்கினவன் நான். இப்ப அணைக்கப் போனா அதுக்கும் திட்டா?"

"எட்டு வாரம்தான். பொறுத்துக்கோங்க."

"என்ன விஷயம்னு சொல்லு. உடம்புக்கு ஏதும்…"

சொன்னாள். அவர் நாடாக்களை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே கூடத்தைச் சுற்றி வந்தார். அவர் முகத்தில் சிரிப்பு வருவதும் போவதுமாக இருந்தது.

"சரி, தகடு வந்துடுச்சுன்னு வெச்சுக்கோ. தினம் அதைப் பாத்தா உனக்கு என்ன தோணும்?"

"அவ தினம் பாப்பா இல்ல? அது போதும்."

(இந்த வரியை எழுதிவிட்டு எழுந்து போய்விட்டேன். எனக்கு ஒரு சக எழுத்தாளர் இருக்கிறார். அவருடைய முதல் புத்தகத்தை எல்லாரும் சிரித்துத் தள்ளினார்கள். இரண்டாவது சுமாராக வந்தது. "என்ன ஒரு வளர்ச்சி!" என்று பக்கம் பக்கமாக எழுதினார்கள். பதினைந்து வருடமாக ஒரே சீராக எழுதும் எனக்கு வருகிற மதிப்புரை இரண்டு சொல்: "வழக்கம்போல் நன்று." ஆகவே அக்காவை எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது.)

5

ஏழாம் வாரம், ஒரு ஞாயிறு பகலில், தங்கை பின்கதவு வழியாக வந்தாள். கையில் அவளுடைய பழைய படிவம்.

"அக்கா, உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். சிரிக்கக் கூடாது."

"என்னடி?"

"இதுல, வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி நாமளே இலக்கு எழுதணும்னு ஒரு கட்டம் இருக்கு பாரு. நான் என்ன எழுதியிருக்கேன் பாரு."

அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். கட்டத்துக்குள் தங்கையின் கோணல் எழுத்தில் ஒரே எண்: 9.

"ஒன்பதா?"

"உன் வீட்டு பில்லைப் பாத்துதான் எழுதினேன். மேடம் சிரிச்சாங்க. 'ஏம்மா, முப்பதுல இருந்து ஒன்பதா, நாற்பது சதவீதம் போதுமே'ன்னாங்க. இல்ல மேடம், எங்க அக்கா வீடு ஒன்பதுதான், அதுவரைக்கும் போயே தீருவேன்னு சொன்னேன். எங்க போறது? பதினேழுலயே குத்தவெச்சு உக்காந்திருக்கு. ஏழு மாசம் வீட்டை இடிச்சு, தூசி தின்னு, பதினேழு. நீ ஒரு செங்கல்லைக்கூட நகத்தாம ஒன்பது. அந்தத் தகட்டைப் பாத்தாலே எனக்கு எரியுது தெரியுமா? எப்பவும் உன்னைத் தாண்ட முடியறதே இல்ல."

அக்கா கண்ணாடியைக் கழற்றி மடித்தாள்.

"அதான் கேக்க வந்தேன். என்னக்கா பண்றே நீ? ராத்திரி ஃபிரிட்ஜை அணைச்சுடுவியா?" தங்கை சட்டென்று நிறுத்தினாள். காதைத் தீட்டினாள். "உள்ள என்ன சத்தம்?"

"ஏசி."

"ஆளில்லாத ரூம்லயா?"

"மெக்கானிக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பாக்கச் சொன்னாரு."

"ஓ." தங்கையின் பார்வை ஸ்விட்சின் மேல் இருந்த நாடாவில் நின்றது. மதியம் 1. வாய்விட்டுப் படித்தாள். "இதென்னக்கா, ஸ்விட்சுக்கெல்லாம் மாத்திரை எழுதியிருக்கே?" சிரித்துக்கொண்டே போய்விட்டாள். தன் அக்கா எதையோ அளந்து அளந்து மிச்சம் பிடிக்கிறாள், அந்த வித்தையைத்தான் தன்னிடம் சொல்ல மாட்டேனென்கிறாள் என்று நினைத்துக்கொண்டே போனாள். பத்து நிமிடத்தில் அவளும் தன் வீட்டு ஸ்விட்சுகளில் சீட்டு ஒட்டத் தொடங்கினாள்.

6

எட்டு வாரம் முடிந்தது. மீட்டர் மேடம் கருவியைக் கழற்றி, சமையலறை மேசையில் ஒரு தாளை விரித்தார்.

"சராசரி இருபத்தாறும்மா."

கணவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு தண்ணீர் குடிக்கப் போனார்.

"முதல் வாரம் ஒன்பது. அப்புறம் ஏறியிருக்கு. காலையில பத்துல இருந்து ஒரு மணிவரைக்கும் பாருங்க, மேசை மாதிரி தட்டையா நிக்குது. மனுஷங்க இருக்கிற வீட்டுல கோடு இப்படி வராது. யாராவது ஒரு லைட்டைப் போடுவாங்க, அணைப்பாங்க. கோடு மேல கீழ போகும்." அவர் குரலை உயர்த்தவில்லை. "ஆனா இந்த மீட்டர் எவ்வளவுன்னுதான் சொல்லும். எதுக்குன்னு கேக்காது. உங்க கையெழுத்து இருந்தா இதுதான் உங்க தொடக்க அளவு. அலுவலகம் அதை எடுத்துக்கும்."

அக்கா கணக்குப் போட்டாள். போட வேண்டியதில்லை, தினமும் போட்டதுதான். இருபத்தாறிலிருந்து ஒன்பது: அறுபத்தைந்து சதவீதம். ஒரு ஜன்னலை மாற்ற வேண்டாம், ஒரு பலகை வைக்க வேண்டாம். நாடாவைப் பிய்த்தாலே போதும். தங்கையை விட இருபத்திரண்டு கூடுதல். தெருவிலேயே பெரிய எண். தகட்டின் கீழே அதைப் பொறிப்பார்களாம்.

"கையெழுத்து போடலைன்னா?"

"மீட்டர் பழுதுன்னு எழுதிடலாம், மறுபடி எட்டு வாரம் வைக்கலாம். ஒன்பதுதான் வரும். தகடு வராது. என் வேலையை வெச்சுக்கிட்டு நான் இப்படிச் சொல்லக் கூடாது, ஆனா அதுதான் உண்மை."

"நான் கையெழுத்து போட்டா, இந்த வீடு இருபத்தாறு எரிச்ச வீடுன்னு பதிவாகும், இல்ல?"

"ஆமாம்மா."

"பக்கத்து வீட்டுப் படிவத்துல ஒன்பதுன்னு எழுதியிருக்கே. அது?"

மேடம் தன் தேநீரை எடுத்துக்கொண்டார். சுவருக்கு அந்தப் பக்கம் தங்கை யாரையோ திட்டுவது கேட்டது: "அந்த ஃபேனை யாருடா போட்டது? சீட்டுல என்ன எழுதியிருக்கு, படிக்கத் தெரியாதா?"

அக்கா பேனாவின் மூடியைத் திறந்தாள்.

7

முடிவு அ: கையெழுத்துப் போடுகிறாள். தகடு வருகிறது. இந்த முறை ரசமட்டத்தைப் பிடிப்பது தங்கை. குமிழி எங்கே நிற்கிறது என்று அக்காவுக்குத் தெரியவில்லை, ஏனென்றால் அவள் பார்ப்பது தங்கையின் முகத்தை. "நேராத்தான் இருக்குக்கா," என்கிறாள் தங்கை. அதை நம்பலாமா என்று அக்கா மீதி வாழ்நாள் முழுக்க

முடிவு ஆ: பேனாவை மூடிவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போகிறாள். எல்லாவற்றையும் சொல்லி, தகட்டையும் நேராக்கிவிட்டு வருகிறாள். (நாலு முறை எழுதினேன். ஒவ்வொரு முறையும் அக்கா ஒரு நல்ல பெண்மணியாக மாறி என்னை எரிச்சலூட்டினாள். தங்கையின் கண்ணில் ஒன்பதாக இருக்கிற வரைதான் தான் ஏதோ ஒன்றில் ஜெயிக்கிறோம் என்பது அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. அப்படியானால் அவள் உண்மையைச் சொல்வதும் பொறாமையால்தானா? தகட்டை விட அந்தக் கோணல் ஒன்பதுதான் அவளுக்கு ருசிக்கிறதா?)

முடிவு இ:

இல்லை. இதற்கு முன் நான் ஒன்று சொல்லியாக வேண்டும்.

மேலே இரண்டு மோசமான தொடக்கங்களைப் பார்த்தீர்கள். பூமித்தாய், பொறாமைத் தீ. அவற்றை எழுதிப் பார்த்து, சரிவராமல் விட்டதாகச் சொன்னேன். பொய். இந்தக் கதைக்கு நான் எழுதிய முதல் வாக்கியமே தகடும் ரசமட்டமும்தான். அந்த இரண்டையும் கடைசியில் எழுதி முன்னால் ஒட்டினேன். அங்கிருந்து அளந்தால் மூன்றாவது பெரிய முன்னேற்றமாகத் தெரியும், யாராவது "என்ன ஒரு வளர்ச்சி" என்று சொல்வார்கள் என்று. யாருமில்லாத அறையில் ஏசி ஓடியது என் வீட்டிலும்தான்.

அவற்றை வெட்டிவிடலாம். வெட்டினால் இந்தக் கதை வழக்கம்போல் இருக்கும்.

ஆகவே அவளுடையது, என்னுடையது என்று இரண்டு பேனாக்களும் திறந்தபடி இருக்கின்றன. மேடம் தன் தேநீரைக் குடித்து முடித்துவிட்டார், அவசரப்படுத்தவில்லை. கணவர் வாசற்படியில் நின்று எதிலும் கை வைக்காமல் இருக்கிறார். அக்காவின் பார்வை ஜன்னல் வழியாகப் பக்கத்து வாசலுக்குப் போகிறது. அந்தத் தகடு இன்னும் மிளகளவு சாய்ந்துதான் இருக்கிறது. இந்தத் தெருவில் அது தெரிந்தவர்கள் அவளும், நானும், இப்போது நீங்களும்.

ரசமட்டத்தை உங்கள் கையில் தருகிறேன். அவளுடைய கையெழுத்துக் கோட்டின் மேல் வையுங்கள், என் முதல் பக்கத்தின் மேலும் வையுங்கள். குமிழி நிற்கும்வரை பொறுங்கள். பிறகு சொல்லுங்கள். நேராக இருக்கிறது என்று மட்டும் எங்கள் மனம் நோகக்கூடாதே என்பதற்காகச் சொல்லிவிடாதீர்கள்.