சின்னவள் பழகிய விதம்

கருப்பண்ணன் தன் உழவு எருதுகளில் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் பேளுக்குறிச்சியிலிருந்து ஒரு பெட்டைக் குதிரையைக் கொண்டுவந்தபோது, மலைமேல் குண்டூர் நாட்டில் அவனுடைய ஊரார் யாருக்கும் அது பிடிக்கவில்லை. அது ஆள் ஏறாத குதிரை. அடிவாரக் காட்டிலேயே மேய்ந்து வளர்ந்தது. கயிற்றைக் கண்டால் பின்னங்கால்களை வீசும்.

"ஏனப்பா, ஒத்தை மாட்டை வெச்சுக்கிட்டு உழுவறதெப்படி? இதையா ஏர்ல பூட்டப்போறே?" என்று பக்கத்துக் காட்டுக்காரர் அண்ணாமலை கேட்டார்.

"ஏருக்கில்லீங்க. அத்தாயிக்கு."

அத்தாயி அவன் மனைவி. அவளுக்கு முறைக்காய்ச்சல். முதலில் குளிர், பிறகு அனல், கடைசியில் வேர்வை என்று வந்து போகும். போன மழைக்காலத்தில் அவளை டோலியில் வைத்துக் கீழே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். டாக்டர் அவளுடைய இடது விலாவின் கீழிருந்த வீக்கத்தை அழுத்திப் பார்த்துவிட்டு, "மாத்திரைக்கு இனி அடங்காது, ஊசிதான் போடணும். அடுத்த தடவை குளிர் கண்டா அன்னைக்கே கொண்டாந்துடு. தள்ளிப்போட்டா தாங்கமாட்டா" என்று சொல்லியனுப்பினார். டோலி தூக்க நான்கு ஆள் வேண்டும். காய்ச்சல் மாதங்களில் அந்த ஊரில் நான்கு ஆண்கள் ஒரே நாளில் எழுந்து நடமாடுவது அரிது. குதிரை வந்த காரணம் இதுதான்.

கருப்பண்ணன் அவசரப்படவில்லை. முதலில் பட்டிக்குள் போய்க் குதிரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பான். பேசமாட்டான், கையை நீட்டமாட்டான். அதுவாக வந்து அவன் தோளை முகர்ந்த பிறகுதான் உள்ளங்கையில் ராகியும் உப்புக்கல்லும் வைத்துக் காட்டினான். கழுத்தைத் தடவப் பழக்கிய பிறகு கயிறு போட்டான். முதுகில் கம்பளியைப் போட்டால் உதறித் தள்ளும். எடுத்து மறுபடியும் போடுவான். கடிக்க வந்தால் அடிக்கமாட்டான். விலகி நின்று முகத்தைத் திருப்பிக்கொள்வான், அன்றைக்கு உப்பு கிடையாது. கோடை முடிவதற்குள் நில் என்றால் நிற்கவும், நெஞ்சில் விரல் வைத்தால் பின்வாங்கவும், கையிலிருப்பதைப் பிடுங்காமல் காத்திருக்கவும் அது கற்றுக்கொண்டது.

"வா கண்ணு. நில்லு சாமி. அப்படித்தான் கண்ணு" என்று அவன் அதனோடு பேசுவதை அத்தாயி வேலிக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருப்பாள்.

"என்னைய என்னைக்காச்சும் கண்ணுன்னு கூப்பிட்டிருக்கறீங்களா? எனக்கப்புறம் வந்த சின்னவளுக்கு வந்த வாழ்வைப் பாரு!"

"நீதான் கடிக்கறதில்லையே."

"ஓ, கடிச்சாத்தான் கூப்பிடுவீங்களாக்கும்!"

அன்றிலிருந்து அதற்குச் சின்னவள் என்று பேர்.

ஆடியில் அத்தாயியையே அதன்மேல் உட்கார வைத்துப் பழக்கத் தொடங்கினான். அவள் அசையாமல் இருந்தால் சின்னவள் நடந்தாள். அவள் இருமினாலோ, சேலையை இழுத்துவிட்டாலோ, குதிரையின் தோல் முழுவதும் சிலிர்க்கும்; பக்கவாட்டில் துள்ளும். கருப்பண்ணன் நிறுத்தி, கழுத்தில் கை வைத்து, மூச்சு அடங்கும் வரை நின்றுவிட்டு மறுபடி நடத்துவான்.

"இன்னுங் கொஞ்ச நாள் போகோணும். அடிச்சு ஓட்டுனா ஒரு நா கேட்கும், மறுநா பள்ளத்துல தள்ளிப்போடும்" என்பான்.

அந்தக் கொஞ்ச நாள் கிடைக்கவில்லை. ஐப்பசி மழை விட்ட ஒரு காலையில் அத்தாயிக்குக் குளிர் வந்தது. பல் கிட்டியது. ஊரில் வீட்டுக்கு வீடு ஆள் படுத்திருந்தது. அண்ணாமலையும் போர்வைக்குள் கிடந்தார். வந்தவன் அத்தாயியின் தம்பி மாதேஸ்வரன் மட்டுமே. அவனும் முந்தின வாரம்தான் காய்ச்சலிலிருந்து எழுந்தவன். அக்காளை முதுகில் சுமந்து பார்த்தான்; வேலியைத் தாண்டுவதற்குள் முழங்கால் மடங்கி உட்கார்ந்துவிட்டான்.

அவளைச் சின்னவளின் முதுகில் ஏற்றி, விழாமலிருக்க ஒரு பழைய சேலையால் இடுப்போடும் தொடையோடும் சேர்த்துக் கட்டினார்கள். கருப்பண்ணன் முன்னே கயிற்றைப் பிடித்தான். மாதேஸ்வரன் பின்னால் ஒரு குச்சியோடு வந்தான்.

காட்டுப் பாதை ஒற்றையடி. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். அத்தாயியின் உடம்பு உதறும்போதெல்லாம் சின்னவள் நின்றாள். காதுகளைப் பின்னுக்கு மடித்து மண்ணைக் கிளறினாள். கருப்பண்ணனும் நின்றான்.

"நில்லு சாமி. ஒண்ணுமில்ல. உன்ற அக்காதான்."

சிலிர்ப்பு அடங்கிச் சிறிது தூரம் போவார்கள். மறுபடி உதறல், மறுபடி நிற்பது. வெயில் ஏறிக்கொண்டே போயிற்று; பாதி இறக்கம்கூட ஆகவில்லை.

"ஒரு போடு போட்டா ஓடும் மாமா! இப்படி நின்னு நின்னு போனா எப்பப் போய்ச் சேர்றது?"

"குச்சியக் கீழ போடு மாப்ளே. இந்த எடத்துல துள்ளுனா மூணு பேருக்கும் பள்ளந்தான்."

"அக்கா செத்துருவா மாமா!"

"அதுக்குத்தான்டா சொல்றேன்."

மாதேஸ்வரன் அழுதுகொண்டே குச்சியைப் போட்டான்.

பெரிய பாறை வளைவைத் தாண்டிய பிறகு சின்னவள் நிற்காமல் நடக்க ஆரம்பித்தாள். காதுகள் முன்னுக்கு வந்தன. கால்களை ஒவ்வொன்றாகப் பார்த்து வைத்து இறங்கினாள். கருப்பண்ணன் திரும்பாமல், பாதையிலேயே கண் வைத்து, கயிற்றைத் தளர்த்திக்கொண்டு நடந்தான்.

"பாத்தியா மாப்ளே? புடிச்சுக்கிட்டா."

"குளிரும் நின்னுருச்சு மாமா. அக்கா ஒதறலைங்க."

"இனி அனலடிக்கும். அதுக்குள்ள கீழ போயிரலாம்."

இருவரும் வேகமாக நடந்தார்கள். ஓடை வந்ததும் நிறுத்தினான். அனல் நேரத்தில் அவள் தண்ணீர் கேட்பாள் என்று இலையில் மொண்டுகொண்டு வந்தான். குதிரையின் கழுத்தில் சாய்ந்திருந்த தலையை நிமிர்த்தினான். தண்ணீர் கடைவாயில் வழிந்தது. பாதத்தைத் தொட்டுப் பார்த்தான். கொதித்திருக்க வேண்டிய கால் ஓடைப் பாறையைப் போல் சில்லிட்டிருந்தது.

மாதேஸ்வரன் கூவிக்கொண்டே குதிரையின் விலாவில் குத்தினான். சின்னவள் தோலைச் சிலிர்த்தாள், அவ்வளவுதான். கருப்பண்ணன் அவன் கையைப் பிடித்துக்கொண்டான். அடிவாரத்துப் புகை அங்கிருந்தே தெரிந்தது. இனி அங்கே போக வேலையில்லை.

தூக்க ஆள் இல்லாததால் குதிரையைத் திருப்பி, அவளை அப்படியே மேலே கொண்டுபோனார்கள். ஏற்றத்தில் சின்னவள் ஓரிடத்திலும் நிற்கவில்லை.

வாசலில் பெண்கள் கூடினார்கள். எழ முடிந்தவர்கள் எழுந்து வந்தார்கள். சேலை முடிச்சுகள் வேர்வையிலும் பனியிலும் ஊறி இறுகியிருந்தன. மாதேஸ்வரன் அரிவாளை நீட்டினான்.

"அறுத்துருங்க மாமா."

"வேண்டாம். சடக்குனு விட்டா சாஞ்சுருவா. இரு."

கருப்பண்ணன் ஒரு தோளால் அவளைத் தாங்கிக்கொண்டு, நகத்தால் முடிச்சுகளைக் கிளறினான். ஒன்று அவிழ்ந்தது. அடுத்ததற்குக் குனிந்தான். அடுத்த ஊரிலிருந்து அழுகை கேட்டு ஓடிவந்த பாப்பாயி, முற்றத்தில் அசையாமல் நின்ற குதிரையைப் பார்த்துவிட்டு, பக்கத்திலிருந்தவளிடம் தணிந்த குரலில் சொன்னாள்:

"என்ன சாது பாரு. யாரோ நல்லாப் பழக்கியிருக்கறாங்க."

கருப்பண்ணனுக்கு அது கேட்டது. அவன் அடுத்த முடிச்சில் விரலை நுழைத்தான்.