கைப்பிடி அரிசி

ஆல்வின் ஐந்தரைக்கு எழுந்தான். பால் காய்ச்சினான். வேதத்தில் ஓர் அதிகாரம் வாசித்தான். மூடியதும் எந்த அதிகாரம் என்பது மறந்துபோயிற்று. முழங்கால் போட்டு வழக்கமான ஜெபத்தைச் சொல்லிவிட்டு எழுந்தான். டம்ளரைக் கழுவிக் கையைத் துண்டில் துடைத்தான். விரல் இடுக்குகளையும் துடைத்தான். பிறகு அரிசி டப்பாவைத் திறந்து, உலைக்கு அளக்கும் முன் ஒரு கைப்பிடி எடுத்து, ஜன்னலோரத் தகர டின்னில் போட்டான்.

பெர்சிஸ் வைத்த டின் அது. சோறு பொங்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி கோயிலுக்கு. மாதக் கடைசியில் பெண்கள் சங்கத்தார் வாங்கிக்கொள்வார்கள். மனைவி போய் ஒரு வருடம் ஆகியும் அவன் அதை நிறுத்தவில்லை. நிறுத்துவதற்கும் ஒரு தெம்பு வேண்டும்.

இன்று ஞாயிறு. பெர்சிஸின் முதல் வருட நினைவுக்காக ஆராதனையில் அவன் சாட்சி சொல்ல வேண்டும்.

மாமியார் தங்கபுஷ்பம் நேற்றே திருவான்மியூரிலிருந்து வந்துவிட்டாள். சென்னைக்கு வந்து முப்பது வருடமாகியும் பேச்சில் திருநெல்வேலி போகவில்லை.

"வெள்ளைச் சட்டையைப் போடுங்க மாப்ளே. மைக்கைக் கிட்டப் பிடிங்க. நீங்க பேசுறது உங்க சட்டைக் காலருக்கே கேக்காது."

"என்ன சொல்லணும் அத்தை?"

"அதையும் நான்தான் சொல்லித் தரணுமா? அவ சொன்னதைச் சொல்லுங்க."

பெர்சிஸ் கடைசியாகச் சொன்னதாக ஊர் அறிந்தது ஒன்று உண்டு. 'ஸ்தோத்திரம் ஆண்டவரே' என்று சொல்லிக் கண் மூடினாள் என்று அடக்க ஆராதனையில் ஆயர் பிரசங்கித்தார். அவருக்கு யார் சொன்னார்கள் என்று ஆல்வின் கேட்கவில்லை. பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு என்னத்தைக் கேட்பது? பிறகு அது நினைவு அட்டையில் அச்சாயிற்று, சபைப் பத்திரிகையில் வந்தது. சைதாப்பேட்டை மார்க்கெட்டில் முன்பின் தெரியாதவர்கள் அவன் கையைப் பிடித்து, "கொடுத்துவைத்தவர் நீங்கள்" என்றார்கள். அவன் தலையாட்டினான். ஒவ்வொரு தலையாட்டலும் கதவில் இன்னொரு தாழ்ப்பாள்.

நடந்தது இவ்வளவுதான். தலை வலிக்கிறது என்று பெர்சிஸ் ஃபிரிட்ஜில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள். அவன் சமையலைப் பார்த்தான். முதுகுக்குப் பின்னால் அவள் ஒன்று சொன்னாள். திரும்பும்போது தலை சரிந்திருந்தது. ஆம்புலன்ஸில் பேச்சே இல்லை.

தங்கபுஷ்பம் நினைவு அட்டையை வேதத்துக்குள்ளிருந்து எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி செருகினாள்.

"இந்த ஒரு வார்த்தை இல்லன்னா நான் அன்னைக்கே அடையாத்துல விழுந்திருப்பேன். அதுலயும் மூக்கைப் பொத்திக்கிட்டுல்லா விழணும்!" சிரித்தாள். கண் சிரிக்கவில்லை.

இதைப் பிடுங்கிக்கொண்டு இவளுக்கு எதைக் கொடுப்பது? மைக் முன்னால் நின்று இரண்டே வார்த்தை. சொன்னால் ஆமென் என்பார்கள். அடுத்த வருடமும் கூப்பிடுவார்கள். அவள் உண்மையில் பேசிய குரல் அவனுக்கே மறந்துபோகும்.

"ஆயரும் சாப்பிட வாராரு. அரிசி பத்தாது," என்று தங்கபுஷ்பம் கீரை அலசிய கையோடு டப்பாவைத் திறந்தாள். "முதல்ல கோயிலுக்கு ஒரு பிடி."

ஆல்வின் அவள் மணிக்கட்டைப் பிடித்தான். ஒரு வருடத்தில் அவன் அவசரமாகச் செய்த முதல் காரியம். தண்ணீர் தரையில் சொட்டியது.

"என்ன மாப்ளே?"

"ஈரம்."

"ஆமா, ஈரம். அதுக்கு இந்தப் பிடியா பிடிக்கிறீய?"

"அவ சொல்லியிருக்கா."

"எனக்கும் சொல்லுவா. சின்ன வயசுலயே அவ எனக்கு மாமியா. உங்களுக்கு எப்ப சொன்னா?"

"அன்னைக்கு."

"அன்னைக்கு எப்ப?"

அவன் கையை விட்டான். "கடைசியா."

குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது. தங்கபுஷ்பம் அதை மூடினாள். மேஜையில் கிடந்த வேதத்தைப் பார்த்தாள், அட்டையின் ஓரம் வெளியே தெரிந்தது. பிறகு துண்டை எடுத்துக் கையைத் துடைத்தாள். மெதுவாக, விரல் விரலாக.

"அதுக்கப்புறம் ஒண்ணும் சொல்லலையா?"

"இல்ல அத்தை."

அவள் ஃபிரிட்ஜ் பக்கம் போய், மகள் சாய்ந்த இடத்திலேயே சாய்ந்து உட்கார்ந்தாள்.

"எப்படிச் சொன்னாளோ அப்படியே சொல்லுங்க. ஒரு எழுத்து விடாம."

சொன்னான்.

"ஏங்க, ஈரக் கையை அரிசிக்குள்ள விடாதீங்க, வண்டு வைக்கும். கோயிலுக்குக் குடுக்குறது."