கன்றின் தொண்டையில் சிக்கிய முள்

அத்தானுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் குளம்தான். லாரி விபத்தில் இரண்டு கால்களும் போன பிறகு, சக்கர நாற்காலியில் தண்ணீர் விளிம்புவரை போக முடிந்த ஒரே இடம் பால்பண்ணைக்காரம்மாவின் குளக்கரை. மற்ற கரையெல்லாம் செங்குத்துச் சரிவு. தூண்டில் போட அந்தம்மா யாரையும் தடுத்ததில்லை. "மீனோட உங்க குப்பையையும் எடுத்துக்கிட்டுப் போங்க," என்பாள், அவ்வளவுதான்.

மீனை மட்டும் எல்லோரும் மறக்காமல் எடுத்துப்போனார்கள். பாட்டில், இரை டப்பா, அறுந்த தூண்டில் நரம்பு எல்லாம் கரையிலேயே கிடந்தன. அத்தானைத் தள்ளிக்கொண்டு வரும் மைத்துனர் ஒரு தையல்காரர். குப்பையைப் பார்த்து வாய் ஓயாமல் திட்டுவார்.

"இவனுங்க வீட்லயும் இப்படித்தான் போட்டு வைப்பானுங்களா அத்தான்?"

"உன் கடையைப் போய்ப் பாரு மாப்ள. துணிக்கு நடுவுல உன்னையே தேடணும்," என்று அத்தான் சிரிப்பார்.

ஒரு ஞாயிறு வேலிக்கதவில் பூட்டுத் தொங்கியது. பக்கத்தில், 'மீன் பிடிக்க அனுமதி இல்லை' என்று ஒரு பலகை. அத்தானை மர நிழலில் நிறுத்திவிட்டு, தையல்காரர் மாட்டுக் கொட்டகைப் பக்கம் போய்க் குரல் கொடுத்தார்.

பண்ணைக்காரம்மா ஒரு காகிதப் பொட்டலத்தைக் கொண்டுவந்து பிரித்தாள். உள்ளே துருப்பிடித்த தூண்டில் முள், சுருண்ட நரம்பு.

"கன்னுக்குட்டி புல்லோட சேத்து முழுங்கிடுச்சு. நாலு நாளு பால் குடிக்கல. டாக்டர் வந்து தொண்டையிலேர்ந்து எடுத்தாரு. பொழைக்கல."

முள்ளின் கழுத்தில் சிவப்பு நூல் இறுகச் சுற்றியிருந்தது. முடிச்சு நழுவாமலிருக்க, தையல்காரர் தன் கடை நூலால் கைப்படச் சுற்றும் சுற்று. வேறு யாரும் அப்படிச் சுற்றுவதில்லை. போன மாதம் திடீரென்று மழை பிடித்துக்கொண்ட அன்று, புதரில் மாட்டிய நரம்பை முள்ளோடு வெட்டிவிட்டு, அத்தான் நனையக் கூடாதே என்று ஓட்டமும் நடையுமாகத் தள்ளிக்கொண்டு போயிருந்தார். அடுத்த வாரம் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தவர், மறந்தே போனார்.

தையல்காரர் முள்ளைக் கையில் எடுத்தார். "அம்மா... இது என்னோடதுங்க."

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். "எல்லாரையும் சந்தேகப்பட்டேன். உங்க ரெண்டு பேரைத் தவிர."

"என்னை விடுங்க. அவரை மட்டுமாவது உள்ள அனுப்புங்கம்மா..."

"வேணாங்க. எனக்கு மனசு விட்டுப்போச்சு."

மர நிழலுக்குத் திரும்பி, தரையில் உட்கார்ந்து, ஒன்று விடாமல் சொன்னார். அத்தான் ஏசவில்லை. குளத்தைப் பற்றியும் கேட்கவில்லை.

"நாலு நாளும் கத்தியிருக்கும்ல?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்த ஞாயிறு தையல்காரர் சாக்குகளோடு போய் நின்றார். அந்தம்மா கதவைத் திறந்துவிட்டாள். கரை முழுக்கக் குனிந்து பொறுக்கியதில் மூன்று சாக்கு நிறைந்தது. அவர் வெளியே வந்ததும் அவள் மறுபடி பூட்டினாள். அதில் கோபம் தெரியவில்லை. அதுதான் அவரை வதைத்தது.

நேராக அக்கா வீட்டுக்குப் போனார். அத்தான் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

"மாப்ள, ஞாயித்துக்கிழமைன்னா நாலு மணிக்கே முழிப்பு வந்துடுது," என்றார் திரும்பாமல். "முழிச்சு என்ன பண்றதுன்னுதான் தெரியல."

தையல்காரர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். கை நகக்கண்களில் குளத்துச் சேறு காய்ந்துகொண்டிருந்தது.