அவுக என்றொரு கம்ப்யூட்டர்

எண்பத்தெட்டில் தாராவி ஜெயினுலாப்தீன் தோல் கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் வந்தது. ஆபீசில் ஒன்று, விக்ரோலி குடோனில் ஒன்று, வடாலா குடோனில் ஒன்று. டெலிபோன் லைனில் ஒன்றை ஒன்று கூப்பிடும். கூப்பிட நீள நம்பர் அடிக்க வேண்டும். ஆபரேட்டர் ஆறுமுகத்தாய் ஒருதரம் மாற்றி அடித்து, செம்பூர் பல் டாக்டர் ஒருவரின் காதில் மெஷின் கீச்சிட்டது.

மாட்டுங்காவிலிருந்து வரும் இன்ஜினீயர் ஷ்யாமளா, நம்பருக்குப் பதில் குட்டிப் பெயர் வைத்தாள். எந்த மெஷினில் யார் உட்காருகிறாரோ அவர் பெயர். விக்ரோலிக்கு 'வெயிலு'. அங்கே உட்காருகிற வெயிலுமுத்து ஆறுமுகத்தாயின் புருஷன். பிடித்தது சனி.

"மேடம், புருசன் பேரைச் சொன்னா அவுக ஆயுசு கொறையும்."

"சொல்ல வேண்டாம், அடிச்சாப் போறும். உங்க ஆத்துக்காரர் ஆயுசு கீபோர்டுலயா இருக்கு?"

இருக்கிறது என்று ஆறுமுகத்தாய் உறுதியாக நம்பினாள். நாள் முழுக்க அடித்தால் தீபாவளிக்குள் தாலி போய்விடுமே என்று அழுதாள். ஷ்யாமளா தலையில் அடித்துக்கொண்டு, அதே மெஷினுக்கு 'அவுக' என்று இன்னொரு பெயரும் வைத்தாள். அப்புறம் கொஞ்ச காலம் சுகம்தான்.

வெயிலுமுத்துவை முதலாளி வடாலாவுக்கு மாற்றினார். 'வெயிலு' என்ற பெயரும் கூடவே வடாலா மெஷினுக்குப் போனது. 'அவுக'வை மாற்ற மறந்துவிட்டு ஷ்யாமளா லீவில் போனாள்.

அன்று வடாலாவில் லாரி துறைமுகத்துக்குக் கிளம்பி நின்றது. சரக்கு லிஸ்ட் தாராவியிலிருந்து போக வேண்டும்.

"லிஸ்ட் போகாம லாரி நின்னுச்சுன்னா நாளையிலேர்ந்து வேலைக்கு வராதேம்மா," என்றார் முதலாளி.

அவள் 'அவுக' என்று அடித்தாள். "கரீம் பாட்சா பேசுதேன், விக்ரோலி. என்ன விசயம் அக்கா?" என்றது திரை. அடுத்தவனை அவுக என்று கூப்பிட்டுவிட்டோமே என்று அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

வடாலாவின் நீள நம்பர் எப்போதோ மறந்து போயிருந்தது. இனி ஒரே வழிதான். வேலையா, தாலியா? முப்பிடாதியம்மனை நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டு 'வெயிலு' என்று அடித்தாள். மெஷின் கரகரத்தது. லைன் கிடைத்ததும் லிஸ்டை மறந்து முதலில் இதைத்தான் கேட்டாள்:

"உசுரோட இருக்கியளா?"

பம்பாய் லைன், பதில் வருவதற்குள் பாவி மகள் பாதி செத்துப்போனாள்.

"இருக்கேன். லாரியும் நிக்கி. லிஸ்டை அனுப்பு."

லீவு முடிந்து வந்த ஷ்யாமளா, "அவுகவை வடாலாவுக்கு மாத்திடட்டுமா?" என்று கேட்டாள்.

"வேண்டாம் மேடம். பேரைச் சொல்லிக் கூப்பிட்டாத்தான் இருக்காகன்னு தெரியுது."