புளி போட்டுத் தேய்த்த துப்பாக்கி

கஸ்தூரிரங்கனிடம் நாலு துப்பாக்கிகள் இருந்தன. நாலும் சுவிட்சர்லாந்து ராணுவம் கழித்துக் கட்டிய கைத்துப்பாக்கிகள். நாலுக்கும் லைசென்ஸ் உண்டு. மைசூர் சமஸ்தானத்தில் பேனாவைத் தவிர வேறு ஆயுதம் பிடிக்காமல் ரிட்டையரான மனுஷருக்கு இதென்ன கிறுக்கு என்று பெங்களூர் அல்சூரில் கேட்காதவர் இல்லை. சுவிஸ்காரன் சண்டைக்கே போகாதவன், ஆகையால் இவை ஓர் உயிரையும் எடுக்காத துப்பாக்கிகள், ஆசாரத்துக்குப் பழுதில்லை என்பார். பூஜை அறையிலேயே வைத்திருந்தார். அத்தாட்சி, ஒவ்வொன்றின் குழல்மேலும் இருந்த சுவிஸ் சிலுவை; ராணுவமே இரும்பில் வெட்டிய முத்திரை என்பார். பெருமாள் பக்கத்தில் சிலுவையா என்று மனைவி அனந்தலக்ஷ்மி ஒரு வருஷம் முனகிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள்.

ஐம்பத்தெட்டாம் வருஷம், ஆயுத பூஜைக்கு முதல் நாள். மர்பி டவுனிலிருந்து வந்து பதினெட்டு வருஷமாக அங்கே பாத்திரம் தேய்க்கும் பாஞ்சாலி, குத்துவிளக்கு, மணி, செம்பு எல்லாவற்றையும் தேய்த்து முடித்தாள். பூஜைக்காக எடுத்து வைத்திருந்த துப்பாக்கிகள் கருகருவென்று கிடந்தன. பூஜையே அதுகளுக்குத்தானே, அதுகளை மட்டும் அழுக்காக விடுவதா? ஒன்றை எடுத்துப் புளியும் சாம்பலும் போட்டு அழுத்தித் தேய்த்தாள். வெள்ளி மாதிரி ஆகிவிட்டது. சிலுவையைத்தான் காணோம்.

கஸ்தூரிரங்கன் பார்த்தார். துப்பாக்கியைப் பிடுங்கிக்கொண்டு கத்தினார். ஏலக்கடை டென்சிலிடம் ஆறு மாசம் நடையாய் நடந்து வாங்கியதாம். சிலுவை போனால் எல்லாம் போச்சாம். நாளையிலிருந்து நீ இந்த வீட்டுப் பக்கம் வராதே என்று சொல்லிவிட்டார்.

புருஷன் போன பிறகு பாஞ்சாலியும் இரண்டு பெண்களும் சாப்பிடுவது இந்த வீட்டு வேலையால்தான். அழுகை வந்தது, கோபம் அதைவிட அதிகமாக வந்தது. அழுக்கைத் தேய்த்ததற்கா ஒருத்தியை வேலையை விட்டு நிறுத்துவார்கள்? பக்கத்திலிருந்த செம்பை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். அனந்தலக்ஷ்மியின் சீரோடு வந்த செம்பு. கழுத்தில் அவள் அப்பா பெயர் வெட்டியிருந்தது.

"சாமி, பதினெட்டு வருஷமா இத்தத் தேய்க்கிறேன். பேருல ஒரு எழுத்து போவல. வெட்டுனது புளிக்குப் போவுமா? மேல எழுதுனதுதான் போவும்."

கஸ்தூரிரங்கன் செம்பைப் பார்த்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு துப்பாக்கியைப் பார்த்தார். சிலுவை இருந்த இடத்தை விரலால் தடவினார். வழவழவென்று இருந்தது.

அப்படியானால் இது எந்த ராணுவத்தோடது, யாரைச் சுட்டதோ என்று மெல்ல முனகினார். பாஞ்சாலி மீந்த புளியைக் கையில் எடுத்தாள்.

"மிச்சம் மூணையும் தேய்ச்சுப் பாத்துடட்டா, சாமி?"

அவர் அவசரமாகக் குனிந்து மூன்றையும் மேல்துண்டில் வாரிக் கட்டினார். உள்ளே போய் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தார்.

"அதெல்லாம் ஒண்ணும் வேண்டாம்" என்றார். "நீ நாளைக்கு எப்பவும்போல வந்துடு."